புதுப்பிப்பு: கபடி ஆடும் என் தம்பி இப்போது
முழங்காலில் அடிபட்டு, வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் சிக்கிய தம்பியைப் பற்றி மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். கோயம்புத்தூரில் சிகிச்சை போகிறது. தினமும் நாக்குக்கு அடியில் பியூப்ரெனார்ஃபின் என்னும் மாத்திரை, ஹெராயின் பழக்கத்திலிருந்து மீளத் தருவது. கரையும்வரை பேசக்கூடாது. எதிரில் உட்கார்ந்து அம்மா, "மெதுவா கரையட்டும் கண்ணு" என்கிறார்.

"ஒரு போதைக்கு இன்னொன்றா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, இது ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மருந்து. பாதியில் விட்டுவிட்டுப் பழைய அளவில் ஹெராயின் எடுத்தால்தான் உயிருக்கே ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

அப்புறம், போட்டி. வாடா (WADA) எனும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் பட்டியலில் இம்மருந்துக்குப் போட்டியின்போது தடை உண்டு. சிகிச்சைக்காக எடுப்பதால் அந்தத் தடையிலிருந்து விலக்கு கேட்கத் தாள்கள் சேர்க்கிறோம்.

உதவி வேண்டுவோர் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழையுங்கள், இலவசம்.

நேற்று கோபிசெட்டிபாளையத்தில், மூச்சுப் பிடித்து ஒருமுறை கபடி பாடிப் போய் வந்தான் தம்பி.