நத்தார் தாத்தா உண்மையில இருந்த ஆளா? பிள்ளையின்ட ஒளிவிழாப் பேச்சுக்கு

கல்முனைத் தாய்:
மகள் ஆண்டு நாலு. பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு நத்தார் தாத்தாவைப் பற்றி மூணு நிமிசம் பேசச் சொல்லியிருக்காங்க. தேடிப் பார்த்தா ஆளுக்கொரு கதை. கோலாக் கம்பனி விளம்பரத்துக்குச் செய்த ஆள் எண்டு ஒருத்தர். புனித நிக்கலஸ்தான், ஆனா திருச்சபையே அவரைப் பட்டியலில இருந்து வெட்டிட்டு எண்டு இன்னொருத்தர். எது மெய்? நாங்க சைவம், கோயில்ல பாதரிட்டப் போய்க் கேக்கக் கூச்சமா இருக்கு.

புளியந்தீவு மறைக்கல்வி ரீச்சர்:
இதுக்கென்ன கூச்சம் தங்கச்சி. ஆள் மெய்யா இருந்தவர்தான். நாலாம் நூற்றாண்டில மீரா எண்ட ஊருக்கு ஆயர். இப்ப அந்த ஊர் துருக்கியில, தெம்ரே எண்டு பேர். கலைமானும் பனிவண்டியும் அங்க எங்கால வாறது? மத்தியதரைக் கடற்கரை அது. எகிப்துத் தானியக் கப்பல்கள் தங்கிப்போற துறை. இயேசுவின்ட திருத்தூதர் பவுலைக் கைதியா உரோமைக்குக் கொண்டுபோகக்குள்ள கப்பல் மாத்தினதும் மீராவிலதான், பைபிள்ல திருத்தூதர் பணிகள் 27இல இருக்கு.

எல்லாரும் சொல்லுற கதை சீதனக் கதை. நொடிச்சுப்போன தகப்பன், வீட்டில மூணு குமர். சீதனம் குடுக்க வழியில்லாமப் பிள்ளைகளைக் கெட்ட தொழிலுக்கு விடப் பார்க்கிறான். ஆயர் ராவோட ராவா யன்னலால பொற்காசு முடிச்சை எறிஞ்சிட்டுப் போறார். நம்மட பக்கம் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது! ஆனா இது எழுத்தில விரிவா வந்தது ஒன்பதாம் நூற்றாண்டில.

அதைவிடப் பழசு ஒண்டு இருக்கு. எனக்குப் பிடிச்சதும் அதுதான். கவர்னர் எயுஸ்தாத்தியுஸ் கைலஞ்சம் வாங்கிக்கொண்டு, குற்றம் செய்யாத மூணு பேருக்கு மரண தண்டனை விதிக்கிறான். கண்ணைக் கட்டி, முழங்கால்ல இருத்தி, வெட்டுறவன் வாளை ஓங்கிட்டான். நிக்கலஸ் ஓடிவந்து அந்த வாளைப் பறிச்சு எறியுறார். மறுகா கவர்னரின்ட வாசலுக்கே போய் ஏசுறார், அவனும் பிழையை ஒத்துக்கொள்ளுறான். பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுக்கிற தாத்தாவை விட இந்த ஆளை மகள் பேசினா சபை நிமிர்ந்து இருக்கும்.

வெட்டின கதை பொய். 1969இல வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தக்குள்ள டிசம்பர் 6 அவரின்ட நினைவு நாளை விருப்ப நினைவாக்கினாங்க, எண்டா விரும்பினாக் கொண்டாடலாம், கட்டாயமில்ல. அவ்வளவுதான். அதே திருத்தத்தில காதலர் தினப் புனிதர் வலன்டைன் பொது நாட்காட்டியில இருந்தே எடுபட்டார். ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டாங்க போல.

ஆரையம்பதிப் பொடியன்:
ரீச்சர், அப்ப சிவப்புச் சட்டை கோலாவின்டதானே? இன்னொண்டு, ஆயர்மார் கூடின நிசேயா சங்கத்தில, இயேசு கடவுளுக்குச் சமமில்ல எண்டு படிப்பிச்ச ஆரியுஸுக்குக் கன்னத்தில அறைஞ்ச ஆளும் இவர்தான் எண்டு ஒவ்வொரு டிசம்பரும் படம் சுத்துது.

புளியந்தீவு மறைக்கல்வி ரீச்சர்:
தம்பி, அறை விட்ட கதை வெளிய வந்தது பதினாலாம் நூற்றாண்டில. சங்கம் கூடினது 325இல. இடையில ஆயிரம் வருசம்! சங்கத்துக்குப் போயிருந்த, பிறகு அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியுஸ் எவ்வளவோ எழுதினவர், நிக்கலஸின்ட பேரையே எடுக்கல்ல.

சட்டைக்கு வருவம். ஒல்லாந்தர் அவரை சின்டர்கிளாஸ் எண்டு கொண்டாடினவங்க. 1638இல நம்மட மட்டக்களப்புக் கோட்டையைப் பறங்கியிட்ட இருந்து பிடிச்ச அதே ஒல்லாந்தர்தான். அவங்கட போதகர்மார் புனிதர் வணக்கம் கூடாது எண்டு கத்தியும் சனம் விடல்ல. அந்தப் பேர் நியூயோர்க் போய் சாண்டா குளோஸ் ஆச்சு. தோமஸ் நாஸ்ட் எண்ட ஓவியர் 1863இல இருந்து அவரைக் கொழுத்த தாடிக்காரரா வரைஞ்சு வந்தார், சிவப்புச் சட்டையும் போட்டார். கோலாவுக்கு சண்ட்ப்ளொம் எண்ட ஓவியர் வரையத் தொடங்கினது 1931இல. அது அந்த முகத்தை உலகம் முழுக்கப் பரப்பினது, பெத்ததில்ல.

கல்முனைத் தாய்:
நன்றி ரீச்சர். கல்லறை எங்க எண்டு மகள் கேக்கிறா.

புளியந்தீவு மறைக்கல்வி ரீச்சர்:
மீராவிலதான் அடக்கம். 1087இல இத்தாலிப் பாரி நகரத்து மாலுமிகள் போய் எலும்புகளை அள்ளிக்கொண்டு வந்திட்டாங்க. பக்தியா களவா எண்டு அவங்கதான் சொல்லணும். இப்பவும் பாரிப் பேராலயத்திலதான் இருக்கு. 1950களில திறந்து அளந்து பார்த்தாங்க. மூக்கு எலும்பு முறிஞ்சிருந்ததாம்.

ஆரையம்பதிப் பொடியன்:
அப்ப திருப்பி அடிச்சிட்டாங்க போல 😄

புளியந்தீவு மறைக்கல்வி ரீச்சர்:
உனக்கு மறைக்கல்வி வகுப்பு இன்னும் ரெண்டு வருசம் வைக்கணும். தங்கச்சி, மகளுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டவேணாம், பேசக்குள்ள வாய்க்குள்ள போகும். மட்டையில ஆயர் தொப்பி வெட்டி, ஒரு கம்பைக் குடுத்து விடுங்க.