புதுப்பிப்பு: ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலப் பேச்சு, ஆறு வாரங்களுக்குப் பிறகு

என் மாணவர்கள் ஆங்கில இலக்கணத் தேர்வில் நன்றாக எழுதுகிறார்கள், பேசச் சொன்னால் மட்டும் தலை குனிந்துகொள்கிறார்கள் என்று முன்பு புலம்பியிருந்தேன். வந்த யோசனைகளில் 4/3/2 பயிற்சியைச் செய்து பார்த்தேன்.

ஒரே விஷயத்தை மூன்று வெவ்வேறு துணைகளிடம் பேச வேண்டும். முதலில் 4 நிமிடம், பிறகு 3, கடைசியில் 2. கேட்பவர் குறுக்கிடக் கூடாது. முதல் வாரம் ஒன்றரை நிமிடத்திலேயே வறண்டு நின்றார்கள். 3/2/1 என்று குறைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. மூன்றாம் சுற்றுக்குள் சொல் தேடும் வேலை முடிந்துவிடுவதால் தயக்கம் குறைகிறது. காதால் கேட்டாலே தெரிகிறது.

பிழைகள் குறையவில்லை. ஒரே தவற்றை மூன்று சுற்றிலும் மும்முறை உறுதியாகச் சொன்னவர்களும் உண்டு! நடுவில் திருத்துவதை நிறுத்திவிட்டேன் (நாக்கு துறுதுறுக்கிறது என்பது வேறு கதை). குறித்து வைத்து, அடுத்த சுற்றுக்கு முன் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுகிறேன்.

கடைசி வரிசை மாணவி ஒருத்தி இன்னும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு மட்டும் முன்கூட்டியே குறிப்பெழுத 5 நிமிடம் தரப்போகிறேன்.