ரைடு கம்ஃபர்ட்டுக்கு ஒரு சொல்: அலுங்காமை?

அன்பு நண்பர்களுக்கு,

வண்டிக் கலைச்சொல் இழையில் 'ரைடு கம்ஃபர்ட்'டுக்கு, அதாவது ஓடும் வண்டியின் ஆட்டமும் நடுக்கமும் உள்ளே இருப்பவரை உறுத்தாத பண்புக்கு, இதுவரை வந்த சொற்கள் மூன்று: சவாரி வசதி, பயணச் சொகுசு, ஓட்ட இதம். மூன்றும் என் மனதில் ஒட்டவில்லை. 'சவாரி வசதி' என்றால் ஏதோ வாடகை வண்டிக்காரர் பலகை எழுதி மாட்டியது போல இருக்கிறது. சொகுசு என்பது மெத்தைக்கும் ஏசிக்கும் உரிய சொல். மெத்தை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் இடிக்கத்தான் செய்யும். 'இதம்' நல்ல சொல்தான். ஆனால் அதை வெந்நீருக்கும் சொல்லலாம், வெயிலுக்கும் சொல்லலாம்.

நான் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். அது கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான், முன்னும் பின்னும் ஒரே இரும்புத் தண்டாக அச்சு. பழைய வீட்டு முகப்பில் பெயர்ந்துபோன தளத்தைச் சரிசெய்யக் கல் வாங்குவதற்காக, பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குப் போனேன். குறுக்கு வழி என்று நினைத்துக் கண்மாய்க்கரைச் சரளைப் பாதையில் விட்டதுதான் தப்பு. "எலும்பெல்லாம் தனித்தனியாக் கழண்டு வருதுடா" என்றார் பெரியம்மா. திரும்பும்போது வைக்கோல் வைத்துக் கட்டிய கல் 300 கிலோ பின்னால் இருந்தது. அதே பாதை, அதே வேகம். பாதி வழியில் அவர் சொன்னார்: "இப்பத்தான் வண்டி அலுங்காம குலுங்காம வருது. ஓட்டப் பழகிட்ட."

பாராட்டு எனக்குச் சேராது, கல்லுக்குத்தான் சேரும். இந்த மாதிரி வண்டிகளின் வில் (ஸ்பிரிங்கைத்தான் சொல்கிறேன்) சுமைக்கென்று செய்யப்பட்டது. வெறும் வண்டியில் அது விறைத்துக்கொண்டு நிற்கும். பின்பக்கத்து எடை ஒன்றரை மடங்கானால் அலைவெண், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதே அலைவெண்ணைச் சொல்லிவிடும். 25 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு ஒரு முறை ஆடும். 6 செ.மீ.தான் அமுங்குகிறது என்றால் நொடிக்கு இரண்டு முறை. இன்றைய கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் ஆடுகின்றன. பழைய ஜீப்புகள் இரண்டை ஒட்டி.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பெரியம்மா வாயில் வந்தது நாம் எல்லோரும் சொல்லும் சொல்தான். யோசித்துப் பார்த்தால் அலுங்குவதும் குலுங்குவதும் ஒன்றல்ல. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி முழுவதும் மேலும் கீழும் போய்வருகிறதே, அது குலுங்கல். சரளைப் பாதையில் அலைஅலையாக வரப்பு விழுந்து, அதன்மேல் போகையில் ஸ்டீயரிங்கும் பல்லும் சேர்ந்து படபடக்கின்றனவே, அது அலுங்கல். வாகன இயக்கவியலிலும் இதே இரண்டு பிரிவு இருக்கிறது. ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு நான்கு முறைக்கு) கீழே நடக்கும் பெரிய ஆட்டம் ஒரு வகை, அதற்கு மேல் இருபது சொச்சம் வரை நடக்கும் சிறு நடுக்கம் இன்னொரு வகை. அந்தத் துறைக்காரர்கள் 'முதல்நிலை', 'இரண்டாம்நிலை' என்று எண் போட்டு நிறுத்திவிட்டார்கள். நம்மிடம் தனித்தனியாகவே சொல் இருக்கிறது.

மொத்தப் பண்புக்கு என் பரிந்துரை: அலுங்காமை. சிறியதே இல்லையென்றால் பெரியதும் இல்லை என்றாகிவிடும் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 2631-1 என்ற 1997ஆம் ஆண்டுத் தரநிலை, உட்கார்ந்திருப்பவர் உடம்பில் படும் அதிர்வைத்தான் அளக்கிறது. மேலும் கீழுமான ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை நம் உடம்புக்கு ஆகவே ஆகாது என்பதால், அந்தப் பகுதிக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்துக் கணக்கிடுவார்கள். அப்படிக் கிடைக்கும் முடுக்கம் 0.315 மீ/நொடி²-க்குக் கீழே இருந்தால் தொந்தரவில்லை. 2-ஐத் தாண்டினால் தாங்கவே முடியாத வகை. இதில் சுகத்துக்கென்று ஓர் அளவுகோல் கிடையாது, தொந்தரவு எவ்வளவு குறைவு என்பதே கணக்கு. எனவே எதிர்மறைச் சொல்தான் பொருந்தும் என்பது என் கட்சி.

இதோடு சேர்ந்த சொற்கள் சிலவற்றையும் போட்டுவிடுகிறேன்.

சஸ்பென்ஷனை 'இடைநீக்கம்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். "முன்பக்க இடைநீக்கம் பழுது" என்று படித்ததும் எந்த அதிகாரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. நம் ஊரில் வில்வண்டி என்று சொல்லியிருக்கிறோம். மாட்டுவண்டிக்கு இரும்புப் பட்டை வில் பூட்டியதும் அந்தப் பெயர் வந்துவிட்டது, யாரும் குழு கூட்டி முடிவு செய்யவில்லை. ஆகவே ஸ்பிரிங் வில், லீஃப் ஸ்பிரிங் பட்டைவில், காயில் ஸ்பிரிங் சுருள்வில் (பாடநூலிலேயே இருக்கிறது), முழு அமைப்பும் வில்லமைப்பு. வில்லுக்கு மேலே இருக்கும் உடற்கூடு, ஆள், சாமான் எல்லாம் வில்மேல் எடை. சக்கரம், அச்சு, பிரேக் எல்லாம் வில்கீழ் எடை. முழுத்தண்டு அச்சு உள்ள வண்டியில் வில்கீழ் எடை அதிகம். இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் இருப்பதால், ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறுசக்கரமும் சேர்ந்து ஆடும்.

ஷாக் அப்சார்பரை 'அதிர்வு ஏற்பி' என்பதில் பொருள்பிழையே இருக்கிறது. அதிர்ச்சியை ஏற்பது வில். வில் ஏற்றதைத் திருப்பித் திருப்பி ஆடித் தீர்க்காமல், எண்ணெயைச் சின்னத் துளை வழியே தள்ளிச் சூடாக்கி முடித்துவைப்பதுதான் ஷாக்கின் வேலை. எனவே அலைவடக்கி என்கிறேன்.

— காரைக்குடியிலிருந்து

◆

> மொத்தப் பண்புக்கு என் பரிந்துரை: அலுங்காமை.

காரைக்குடி அண்ணனுக்கு வணக்கம்.

வில்மேல் எடை, வில்கீழ் எடை இரண்டையும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். அலுங்காமையில்தான் இடிக்கிறது. அலுங்கு என்றால் எறும்புதின்னி என்று விலங்கியல்காரர்கள் வந்து நிற்பார்கள். அது போகட்டும். "இந்த வண்டியில் அலுங்காமை கூடியிருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். இல்லாத ஒன்று எப்படிக் கூடும்? விளம்பரத்தில் போட்டால் எவன் வாங்குவான்?

இன்னொன்று கேட்கவேண்டும். சொல் கிடைத்தது இருக்கட்டும், வண்டி சரியானதா இல்லையா? தினமும் 300 கிலோ கல்லை ஏற்றிக்கொண்டு அலைய முடியாதே.

— தேவகோட்டையிலிருந்து

◆

தம்பிக்கு,

முதலில் சொல். வெஃகாமை, அழுக்காறாமை, வெகுளாமை, பொச்சாவாமை என்று குறளில் அதிகாரத் தலைப்புகளே இப்படித்தான் இருக்கின்றன. வெகுளாமை ஒருவரிடம் கூடவும் குறையவும் செய்யும்போது அலுங்காமைக்கு மட்டும் என்ன தடை? எண் போட்டு எழுதவேண்டிய இடத்தில் 'அலுங்கல் அளவு' என்று எழுதிக்கொள்ளலாம். அது குறையக் குறைய நல்லது. விளம்பரக்காரர் எப்படியும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார், அவருக்காக நாம் கவலைப்பட வேண்டாம்.

வண்டிக் கதை கொஞ்சம் நீளம். முதலில் ஒரு பட்டறையில் "ரெண்டு பட்டையைக் கழட்டிட்டா மெத்துன்னு ஆயிடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். பத்து நாளில் வண்டி பின்னால் தொய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு போய் மேலே இருக்கும் ரப்பரில் மோத ஆரம்பித்தது. முன்பு குலுக்கியது, இப்போது குத்தியது. வில் இறங்க இடமே இல்லாவிட்டால் மென்மை எங்கிருந்து வரும்? திரும்பப் பட்டையைப் போட்டேன்.

உண்மையான கோளாறு உராய்வில் இருந்தது. பட்டைகளுக்கு நடுவே செம்மண்ணும் துருவும் ஏறி, ஏழு பட்டையும் ஒரே கட்டையாக ஒட்டிக்கிடந்தன. சின்ன மேட்டுக்கு வில் அசையவே இல்லை, டயர் மட்டும்தான் வில்லாக வேலை பார்த்திருக்கிறது. அலுங்கல் முழுக்க அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கல் ஏற்றியபோது அந்தப் பிடியும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, பட்டை முனைகளுக்கு நடுவே நைலான் துண்டு வைத்துக் கட்டினோம். வில்முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்கள் (உள்ளே வைக்கும் மெத்தை வளையங்கள்) கல்லாகியிருந்தன, அவற்றையும் மாற்றினோம். ரப்பர் புஷ் போட்டால் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், விரைவில் கிழியும்.

அப்புறம் காற்று. கதவோரத்து ஸ்டிக்கரில் 26 பவுண்டு என்றிருக்க, சக்கரத்தில் 36 இருந்தது. செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான், நான் இதைக் கடைசியாகச் செய்தேன்.

உராய்வு போனதும் வண்டி தொட்டில்போல ஆடத் தொடங்கியது. துருதான் அதுவரை பாதி அலைவடக்கியாக இருந்திருக்கிறது! கடினமான ஷாக் போடச் சொன்னார்கள். ரொம்பக் கடினமானதைப் போட்டால் பழையபடி அலுங்கும், ஆகவே வண்டி எடைக்கு ஏற்றதைத் தேடிப் போட்டேன். பரவளையப் பட்டைவில் போடுவோருக்கும் இதே கதைதான். அதில் பட்டைகள் குறைவு, நடுவிலும் முனையிலும் மட்டுமே தொடும், உராய்வு குறைவு. ஷாக்கையும் சேர்த்து மாற்றாவிட்டால் குலுங்கல் நிற்காது.

இப்போது அலுங்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, குலுங்கல் ஓரளவுக்கு. பட்டைவில்லில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 1985இல் வந்த மாருதி ஜிப்சிக்கு நான்கு பக்கமும் பட்டைவில்தான். 2010இல் வந்த மஹிந்திரா 'தார்' ஜீப்பில் பின்பக்கம் பட்டைவில், 2020இல் வந்த புதிய 'தார்' வண்டியில் அங்கேயும் சுருள்வில். வில் மாறிவந்த விதத்தைப் பார்த்தால் போதும்.

— காரைக்குடி

◆

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் "அலுங்காம நலுங்காம" என்போம். குலுங்காம என்று ஆச்சி சொல்லிக் கேட்டதில்லை. நலுங்குதல் என்றால் கசங்குதல், வாடுதல். வண்டிக்கு அலுங்கலும் குலுங்கலும், உள்ளே இருப்பவருக்கு நலுங்கல் என்று பிரித்தால் என்ன? நீண்ட பயணத்தில் வரும் உடல் அசதிக்கு நமக்கு இன்னும் சொல் இல்லை.

— பள்ளத்தூர்

◆

பள்ளத்தூர்க்காரருக்கு,

அருமை. கல்யாண வீட்டு நலுங்கோடு குழம்புமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன், குழம்பினால் குழம்பட்டும். குலுங்கல், அலுங்கல், நலுங்கல் மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறேன். தலைச்சொல் அலுங்காமை. தேவகோட்டைத் தம்பி எறும்புதின்னிக்கு ஓர் அடிக்குறிப்பு எழுதித் தரட்டும்.

பம்ப் ஸ்டாப் ஒன்றுதான் மீதி. அச்சு மோதுகிற அந்த ரப்பர் கட்டைக்கு 'முட்டுக்கட்டை' என்பதுதான் நேர்ச்சொல். ஆனால் "முட்டுக்கட்டை தேய்ந்துவிட்டது, புதிதாகப் போடவேண்டும்" என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

— காரைக்குடி