வெல்ஷ் மொழிச் சட்டங்கள் குடியேறிய குடும்பங்களுக்குச் சுமையாகுமா?

கேள்வி – மார்த்தாண்டத்திலிருந்து:

செவிலியர் வேலை கிடைத்து என் தங்கை குடும்பத்துடன் வேல்ஸில் உள்ள கார்டிஃபில் குடியேறியிருக்கிறாள். அங்குப் பள்ளிகளில் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயம் என்பதால் கலங்கிப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டு மொழி மலையாளம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, மலையாள வழியில் படித்த என் மகன், ககர வரிசைக்கு மலையாளத்தில் நான்கு எழுத்துகள் இருக்கத் தமிழில் ஒன்றே எல்லா ஒலிக்கும் நிற்பது ஏன் என்று கேட்டுக் கேட்டு அழுததை நான் மறக்கவில்லை. தங்கையின் பிள்ளைகளுக்கும் அதே நிலைதானா?

பதில் 1 – நாகர்கோவில்காரர், இப்போது சுவான்சீ:

அண்ணாச்சி, நானும் செவிலியர்தான். வெல்ஷுக்கு அதிகாரப்பூர்வ மொழித் தகுதி தந்த 2011-ஆம் ஆண்டுச் சட்டம், அம்மொழியில் சேவை தரும் கடமையைப் பொது நிறுவனங்கள் மீதுதான் சுமத்துகிறது; ஆங்கிலத்தில் பேசுபவரை அது தடுப்பதில்லை. மருத்துவமனை ஒவ்வொரு பணியிடத்துக்கும் வெல்ஷ் இன்றியமையாததா, சேர்ந்தபின் கற்க வேண்டியதா, இருந்தால் நல்லதா, தேவையில்லையா என்று மதிப்பிட வேண்டும். எனக்கு வெல்ஷ் தெரியாமலேயே வேலை கிடைத்தது. ஆயினும், மறதி நோய் கண்ட முதியவர் ஒருவர் ஆங்கிலம் முழுவதையும் இழந்து "டூர், டூர்" என்று தவித்தபோது, அது தண்ணீரைக் குறிக்கும் சொல் என்று நான் அறிந்திருந்ததால் உடனே குவளையை நீட்ட முடிந்தது. சட்டம் எதற்காக என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

பதில் 2 – தக்கலையிலிருந்து:

மேலே உள்ளவர் சொல்வது சரியே. ஆனால் வேலைவாய்ப்பில் முழுச் சமநிலை உண்டு என்று நான் நம்பவில்லை. இன்றியமையாதது என்று குறித்த பணியிடத்துக்குக் குடியேறியவர் விண்ணப்பிப்பது அரிது. அதே வேளையில், 2011-இல் ஏறக்குறைய 5,62,000 பேராக இருந்த வெல்ஷ் பேசுவோர் 2021-இல் 5,38,000 பேராகக் குறைந்துவிட்டனர். 2050-க்குள் 10 லட்சம் பேர் என்ற அரசின் இலக்கு, புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு நிறைவேறாது. குவினெத் மாவட்டத்தில் புதிதாக வரும் மாணவர்களுக்கென முழுக்க வெல்ஷிலேயே பேசிப் பழக்கும் மொழி மூழ்குப் பயிற்சி மையங்களே நடத்துகிறார்கள். சோமாலிய, ஏமன் மாலுமிகள் தலைமுறைகளாக வாழும் கார்டிஃபின் பியூட்டவுனில் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி உண்டு. நம் மலையாளப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு தொடக்கப் பயிற்சியைத் தந்துவிட்டுத் தமிழ்த் தேர்வு வைத்திருந்தால், இத்தனை பெற்றோர் நீதிமன்றப் படியேறியிருக்க வேண்டியதில்லை.

மீண்டும் – மார்த்தாண்டத்திலிருந்து:

இருவருக்கும் நன்றி. பிள்ளைகளின் பள்ளியில் அத்தகைய பயிற்சி உண்டா என்று கேட்டறியும்படி தங்கைக்கு இன்றே எழுதுகிறேன்.