பிளே அழுத்தி அரைச் செக்கன் கழித்துத்தான் சத்தம்: சவுண்ட் கார்ட் வாங்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைக் காகம்:
அம்மம்மா சொல்கிற பழைய கதைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பதிந்து, ஓடாசிட்டி என்கிற ஒலி வெட்டுகிற மென்பொருளில் வெட்டி ஒட்டி லண்டனில் இருக்கிற மாமாவுக்கு அனுப்புகிறேன். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம், இருபது நிமிடப் பதிவில் நாலு ரயிலும் மூன்று குக்கர் விசிலும் கட்டாயம் இருக்கும், அதுகளை எடுக்கவேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கோடு உடனே ஓடத் தொடங்குகிறது, சத்தம் மட்டும் அரைச் செக்கன் கழித்து வருகிறது, வரும்போது முதல் எழுத்தையும் விழுங்கிவிடுகிறது. அம்மம்மா "அந்தக் காலத்தில" என்று தொடங்கினால் எனக்குக் கேட்பது "தக் காலத்தில". விசில் முடிகிற இடத்தில் நிறுத்தி வெட்டினால் விசிலோடு அடுத்த சொல்லும் போய்விடுகிறது. விண்டோஸ் லப்டொப், 8 ஜிபி ராம், காதில் ப்ளூடூத் ஹெட்போன். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன், வெளியால் பூட்டுகிற சவுண்ட் கார்ட் வாங்கினால்தான் சரிவரும் என்றார்கள். உண்மையா?

புறக்கோட்டையான்:
உண்மைதான். லப்டொப்புக்குள் இருக்கிற சவுண்ட் படம் பார்க்கத்தான் லாயக்கு. ஏசியோ ட்ரைவரோடு வருகிற யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்றை எடுங்கள், அதுதான் அந்த வெளி சவுண்ட் கார்ட். பஃபரை, அதாவது சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்புகிற அளவை, 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், ஓடாசிட்டியை விட்டு ரீப்பர் மென்பொருளுக்கு மாறுங்கள், வேலை முடிந்தது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பஜனைக் குழுவுக்குப் பதிந்து கொடுக்கிறேன், இந்த வழிக்கு வருகிறதுக்கு முன்னம் மிருதங்கக்காரர் என்னோடு பிடித்த சண்டை எனக்குத்தான் தெரியும்.

பழைய டேப்:
தங்கச்சி, ஒரு சதம் செலவழிக்க முதல் ப்ளூடூத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய ஃபோனோடு வந்த வயர் இயர்போன் ஏதாவது லாச்சிக்குள் கிடந்தால் எடுத்துக் குத்திப் பாருங்கள்.

புறக்கோட்டையான் தம்பி, கணக்கைப் பாருங்கள். சாம்பிள் என்பது சத்தத்தை ஒருக்கா அளந்த துண்டு. செக்கனுக்கு 48,000 சாம்பிள் என்றால் 1024 பஃபர் வெறும் 21 மில்லிசெக்கன். அரைச் செக்கன் என்றால் 24,000 சாம்பிள், அப்படி ஒரு பஃபரை யார் வைக்கிறான்? ஓடாசிட்டியில் தானாக இருக்கிற பஃபரே 100 மில்லிசெக்கன்தான். மிச்ச நேரம் வேறெங்கோ போகிறது. ப்ளூடூத் ஹெட்போன் சத்தத்தைச் சுருக்கி வாங்கி, திரும்ப விரித்து, இடையில் அறுந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். எஸ்பிசி என்கிற சாதாரண சுருக்கல் முறையில் 200 மில்லிசெக்கன் பிந்துவது புதினமில்லை. படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் பல பிளேயர்கள் படத்தையும் அதே அளவு பிந்தவிடும். வெட்டுகிற இடத்தில் அந்த 200 பெரிய காசு. மாத்திரை என்றால் கண்ணிமைக்கிற நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஒரு குறில் அப்படியே போய்விடும்.

முதல் எழுத்து விழுங்குப்படுவது வேறு சங்கதி. சத்தம் இல்லாத நேரம் பற்றறி மிச்சம் பிடிக்க ஹெட்போனோ சவுண்ட் சிப்போ தூங்கிவிடும். அது எழும்புகிறதுக்குள் அம்மம்மா "அந்" சொல்லி முடித்துவிடுவா.

புறக்கோட்டையான்:
ப்ளூடூத்தை நான் கவனிக்கவில்லை, சரி. ஆனால் ட்ரைவர் கதையை மழுப்பாதீர்கள் அண்ணை. விண்டோஸில் ஓடாசிட்டி சத்தத்தை அனுப்பத் தானாக எடுக்கிற வழி எம்எம்ஈ, அது விண்டோஸ் 3 காலத்துச் சாமான். 1997இல் ஸ்டைன்பேர்க் ஏசியோவைக் கொண்டுவந்ததே அந்த நீண்ட வழியைச் சுற்றிப் போகாமல் கார்டோடு நேரே கதைக்கத்தான். 40 மில்லிசெக்கன் பிந்தினாலே கை தடுமாறுது என்று என் மிருதங்கக்காரர் எழும்பிப் போனார். லாச்சியில் கிடந்த இயர்போனா அதைத் தீர்த்தது?

பழைய டேப்:
அவர் தன் அடியைத் தானே கேட்டுக் கேட்டு வாசிக்கிறார், தங்கச்சி பதிந்து முடிந்ததைக் கேட்டு வெட்டுகிறா. இரண்டும் ஒன்றா? உங்கள் வேலைக்கு இன்டர்ஃபேஸ் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்கள்: ஓடாசிட்டி 3ஆம் வரிசையில் ஏசியோ கிடையாது, லைசன்ஸ் சிக்கலால் சேர்க்கவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு விற்கிற விலையில் அவ கார்டை வாங்கிக்கொண்டு வந்து பூட்டினாலும் அது எம்எம்ஈ, வாசபி மாதிரி விண்டோஸின் சொந்த வழிகளால்தான் ஓடும்.

மூன்றாம்மாடி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவேண்டும். எனக்குப் பிந்துவதில்லை, விக்கி விக்கி வருகிறது. பஃபரைக் குறைக்கிறதா கூட்டுகிறதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

புறக்கோட்டையான்:
விக்கினால் கூட்டுங்கள், பிந்தினால் குறையுங்கள். அதிலாவது அண்ணையும் நானும் ஒரே பக்கம் என்று நினைக்கிறேன். வைஃபையை நிறுத்திவிட்டும் ஒருக்கா பாருங்கள், சில லப்டொப்பில் அந்த ட்ரைவர்தான் இடையில் குறுக்கே படுப்பது.

காகம் அக்கா, ட்ராக்கில் எஃபெக்ட் ஏதும் போட்டு வைத்திருக்கிறீர்களா? 3.2 பதிப்பிலிருந்து ஓடவிட்டபடியே எஃபெக்ட் கேட்கலாம். இரைச்சல் நீக்குகிற பிளகின், அதாவது சேர்த்துப் பூட்டுகிற குட்டி மென்பொருள், சிலது முன்கூட்டிப் பார்த்துத்தான் வேலை செய்யும், அதுவும் நேரம் தின்னும். வாயால் சொல்லாமல் அளந்து போடுங்கள்.

பழைய டேப்:
அளக்கிறதென்றால் பதிந்ததைப் பிந்துகிற அளவுக்கு முன்னால் நகர்த்துகிற லேட்டன்சி திருத்தம் தானாக மைனஸ் 130 மில்லிசெக்கனில் இருக்கும், அதைப் பூச்சியமாக்கிவிட்டு அளக்கவேண்டும். இல்லையென்றால் பொய்க் கணக்கு வரும்.

வெள்ளவத்தைக் காகம்:
நேற்று இரவு முழுக்க இதே வேலை. டிக் டிக் என்று தட்டுகிற ரிதம் ட்ராக் ஒன்றை உருவாக்கி, அதை ஓடவிட்டு, ஹெட்போனை லப்டொப் மைக்கில் அமத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு ட்ராக்கில் பதிந்தேன். பெருப்பித்துப் பார்த்தால் மேலே ஒரு முள்ளு, கீழே தள்ளி இன்னொரு முள்ளு, இடைவெளியை அளக்க வேண்டியதுதான். ப்ளூடூத்தில் 350 மில்லிசெக்கன் அளவில் வந்தது, வயரில் 130. வயரில் முதல் எழுத்தும் முழுதாகக் கேட்டது.

ஆனால் அம்மம்மாவின் பதிவைத் திறந்தால் வயரிலும் தொடக்கத்தில் ஒரு தயக்கம் இருந்தது. புறக்கோட்டையான் சொன்னதுதான், பழைய நொய்ஸ் பிளகின் ஒன்று ட்ராக்கில் கிடந்தது, எடுத்ததும் பாதி போனது. மற்றப் பாதி நானே கண்டுபிடித்தேன். கோப்பை இணையத்தோடு தானாக ஒத்துப்போகிற ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன், டெஸ்க்டொப்பில் வைத்தால் சரியாகிவிட்டது.

பழைய டேப்:
அதை நான் முதலே கேட்டிருக்கவேண்டும். 2021இல் வந்த 3.0இலிருந்து முழு வேலையும் ஒரே ஏயூபி3 கோப்பு, உள்ளே அது ஒரு டேட்டாபேஸ். நீங்கள் எழுத எழுத இன்னொன்று அதைத் தூக்கி மேலே அனுப்பப் பார்த்தால் இழுபறிதான். பென் ட்ரைவிலிருந்தும் திறக்காதீர்கள்.

புறக்கோட்டையான்:
அப்ப மிச்சம் 130? அதுக்கு என்ன செய்யப்போறீங்கள்?

வெள்ளவத்தைக் காகம்:
ஒன்றுமில்லை. வாசபிக்கு மாற்றினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது, அதற்குமேல் அளக்கவில்லை. குக்கர் விசில் மட்டும் சுத்தமாகப் போகிறது, சொல் போகவில்லை. ரயிலை எடுக்கவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

புறக்கோட்டையான்:
நல்லது அக்கா. அண்ணை, அடுத்த லப்டொப்பில் இயர்போன் குத்துகிற ஓட்டையே இருக்காது, அப்போது என்ன சொல்வீர்கள்?

பழைய டேப்:
யூஎஸ்பி டொங்கிள், தம்பி. முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், உங்கள் ஏரியாதானே, வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வாருங்கள்.