பழைய கோபோல் டீமுக்குள்ள ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங்கை எப்படிக் கொண்டுவர்றது?

கேள்வி:
வணக்கம். சென்னையில ஒரு வங்கியோட மெயின்ஃப்ரேம் (பெரிய மையக் கம்ப்யூட்டர்) பராமரிப்பு டீமுக்கு லீடா இருக்கேன். கோபோல் மொழியில எழுதின வட்டி போடற புரோகிராம்ல ஒரே பாராவுக்கு (பேர் வெச்ச கோடு பகுதி) ஏழெட்டு இடத்துலேர்ந்து கோ டூ (அங்க தாவச் சொல்ற கட்டளை) வருது. இப்படித் தாவாம, மேலேர்ந்து கீழ ஒழுங்கா படிக்கற மாதிரி எழுதற ஸ்ட்ரக்சர்டு முறைக்கு மாறலாம், ‘இனி கோ டூ வேண்டாம்’னு மெயில் போட்டேன். எல்லாரும் சரின்னாங்க, கோடு மாறல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில் 1:
ஜாவாவுக்கு மாத்திடுங்க, பிரச்சினை தீரும்.

பதில் 2:
தீராதுங்க. ஒரே மெத்தட்ல (ஜாவால ஒரு வேலைக்கான கோடு பகுதி) ஆயிரம் வரின்னு அதே பழக்கம் ஜாவாவுக்கும் வரும். மெயின்ஃப்ரேம்லயே காலம் தள்ளினவன் சொல்றேன், தடை போட்டா மட்டும் கோடு மாறாது. 1968ல கோ டூவை எதிர்த்து டைக்ஸ்ட்ராங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதின கடிதத்தை எல்லாரும் சொல்வாங்க. நீங்க பாக்க வேண்டியது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஐபிஎம் செஞ்ச தகவல் வங்கி (பழைய செய்திகளைத் தேடற சிஸ்டம்) வேலை. சுமார் 83,000 வரி, 22 மாசம். ஐபிஎம்மோட ஹார்லன் மில்ஸும் டெர்ரி பேக்கரும் அங்க வேலை முறையையே மாத்தினாங்க. ஒரு தலைமை புரோகிராமர், அவருக்குத் துணையா ஒருத்தர், லிஸ்டிங்கை (கோடோட அச்சுப் பிரதி) எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிருக்க ஒரு லைப்ரரியன். ‘இது என் புரோகிராம், யாரும் தொடாதே’ங்கறது அங்க செல்லாது. உங்க டீம்ல ஒருத்தர் கோடை இன்னொருத்தர் படிக்கறாங்களா? அங்கேர்ந்து ஆரம்பிங்க.

முழுசா திருப்பி எழுத வேண்டாம். டிக்கெட்டுக்காக (மாத்தச் சொல்லி வர்ற கோரிக்கை) தொடற பாராவை மட்டும் சரிபண்ணுங்க. பெர்ஃபார்ம் த்ரூன்னா ஒரு பாராலேர்ந்து இன்னொரு பாரா வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வர்ற கட்டளை; முதல்ல அதோட எல்லையை விட்டு வெளிய குதிக்கற கோ டூவைத் தேடுங்க. கடைசில இருக்கற எக்ஸிட் பாராவைத் தொடாம வெளிய போயிட்டா, திரும்பி வர வேண்டிய முகவரி அப்படியே நிக்கும். அப்புறம் வேற வழியா அந்த எக்ஸிட்டுக்குள்ள விழும்போது, கன்ட்ரோல் சம்பந்தமே இல்லாத இடத்துக்குத் தாவலாம். மாசக் கடைசி ராத்திரி அதைத் தேடினவங்களுக்குத் தெரியும் அந்த அவதி.

பதில் 3:
1985 தரத்து கோபோல்னா எண்ட்-இஃப் (‘இப்படின்னா’ன்னு கேக்கற இஃபை மூடற சொல்), எவால்யுவேட் (பல நிலைகள்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற கட்டளை) இருக்கே, அதைப் பிடிச்சுக்கோங்க. பழைய இஃபுக்குள்ள ஒரு வரி சேக்கும்போது முற்றுப்புள்ளி வெச்சுட்டா, வெளிய இருக்கற இஃப் எல்லாம் அங்கயே மூடிடும். கோடை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலரும் பெரும்பாலும் வாயைத் திறக்காது.

கேட்டவர்:
நன்றி சார். இதுக்குன்னு மேலிடத்துல நேரம் தரமாட்டாங்களே?

பதில் 2:
தனியா கேக்காதீங்க, எஸ்டிமேட்டுக்குள்ளயே வாக்த்ரூவை (கோடைச் சேர்ந்து உக்காந்து பாக்கற கூட்டம்) சேத்துடுங்க. எழுதினவரே வரி வரியா சத்தமா படிக்கட்டும். மேனேஜர் உள்ள உக்காரவே கூடாது, அங்க கிடைச்ச தப்பு அப்ரைசலுக்கும் போகக் கூடாது. போச்சுன்னா அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. போன மாசக்கடைசி இன்புட்டைப் பழைய, புது ரெண்டு புரோகிராம்லயும் ஓட்டி, அவுட்புட்டைக் கம்பேர் பண்ணுங்க. ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் புரொடக்ஷனுக்கு அனுப்பாதீங்க.