28 மி.மீ. பிரிட்டிஷ் காலாட்படை: நல்ல வார்ப்பு என்று எதை வைத்துச் சொல்வது?

கோவை மஸ்கட்:

வணக்கம். 1812 ஜூலை 22இல் ஸ்பெயினில் நடந்த சலமன்கா போரைச் சின்னச் சிப்பாய் பொம்மைகளை வைத்து மேசையில் ஆடலாம் என்று நானும் மச்சானும் ஆறு மாதமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அவன் பிரெஞ்சுப் பக்கம், நான் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பக்கம். போன வாரம் ஒருவருடைய பழைய சேகரிப்பிலிருந்து 36 உலோக ஃபிகர் (பொம்மை) வாங்கினேன். பிரிட்டிஷ் காலாட்படை, 28 மி.மீ. உயரம், பெயின்ட் அடிக்காதவை. முகம் ஒவ்வொன்றும் அத்தனை அழகு, கன்னத்துக் கிருதாகூடத் தனியாகத் தெரிகிறது.

ஆனால் மச்சானுடைய பிளாஸ்டிக் ஃபிகர் பக்கத்தில் வைத்தால் என்னுடையவை ஆள் பெரிதாக நிற்கின்றன. அவையும் 28தான். நான்கைந்து ஃபிகரின் இடுக்குகளில் வெள்ளைப் பொடி வேறு இருக்கிறது. 36 பேருக்குப் பெயின்ட் அடிக்க எனக்கு இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அதற்கு இவை தகுதியானவையா? நீங்கள் ஒரு ஃபிகரைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ஈயப்பட்டறை:

முதலில் அந்தப் பொடியை வாயால் ஊதாதீர்கள். ஈயம் அரித்த பொடியாக இருந்தால் உடம்புக்கு நல்லதல்ல. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டியை மூடி மேலே வைத்துவிடுங்கள். மற்றதை நுனித்தூரிகை அண்ணன் வந்து சொல்வார்.

நுனித்தூரிகை:

தம்பி, முகத்தைக் கடைசியில் பாருங்கள். மேசையில் ஆடும்போது ஃபிகர் நம் கண்ணிலிருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளி நிற்கும். அங்கிருந்து கிருதா தெரியாது. ஆள் எப்படி நிற்கிறான், துப்பாக்கியை எப்படிப் பிடித்திருக்கிறான், தொப்பி என்ன வடிவம், இவைதான் தெரியும். அதனால் நான் முதலில் பார்ப்பது கையை. விரல்கள் துப்பாக்கியைச் சுற்றிப் பிடித்திருக்கின்றனவா, அல்லது உள்ளங்கையில் ஒரு குச்சியை ஒட்டி வைத்தது போல இருக்கிறதா? கை சரியாக இருந்தால் செய்தவர் உடம்பைப் புரிந்து செய்திருக்கிறார் என்று அர்த்தம். கை சொதப்பிய ஃபிகரில் மற்ற எல்லாம் சரியாக அமைந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்து துப்பாக்கியின் நீளம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய் வைத்திருந்த இந்தியா பேட்டர்ன் மஸ்கட் ஏறக்குறைய 55 அங்குலம், அதாவது 140 செ.மீ. ஐந்தரை அடி ஆள் அதைத் தரையில் ஊன்றிப் பிடித்தால் குழல் வாய் அவன் தோள்பட்டைக்கு வரும். பாதத்திலிருந்து கண் வரை 28 மி.மீ. உள்ள ஃபிகர் என்றால் உச்சந்தலை வரை சுமார் 30 வரும். அப்படியானால் துப்பாக்கி பயனெட் (முனையில் செருகும் கத்தி) இல்லாமல் 25 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும், அளந்து பாருங்கள். 20, 21தான் வருகிறது என்றால் அது சிப்பாய் கையில் இருக்கும் கட்டைத் துப்பாக்கி, வரிசையில் நிற்கவைத்தால் படையே குட்டையாகத் தெரியும். தடிமன் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையான விகிதத்தில் பயனெட்டை வார்த்தால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது, இரண்டாவது ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும். ஆடுவதற்கான ஃபிகருக்கு அந்தத் தடிமன் தேவை.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். ஒருவர் 28 என்பதைக் கண் வரை அளக்கிறார், இன்னொருவர் உச்சந்தலை வரை. அங்கேயே இரண்டு மில்லிமீட்டர் போய்விடுகிறது. பாதத்துக்குக் கீழே உள்ள தகட்டின் தடிமனும் சேரும். அதைவிட முக்கியம் தலையும் கையும் எவ்வளவு பருமன் என்பது. ஒரே பட்டாலியனுக்குள் இரண்டு வகையைக் கலக்காதீர்கள். தனித்தனிப் பட்டாலியனாக, ஒரு சாண் இடைவெளியில் நின்றால் யார் கண்ணுக்கும் உறுத்தாது. உங்கள் இருவருடையதும் எதிரெதிர்ப் படைகள், பிறகென்ன.

இப்போது வார்ப்புக்கு வருவோம். உலோக ஃபிகரை இரண்டு பாதி ரப்பர் அச்சுக்குள் சுழலவிட்டு வார்க்கிறார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும், ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். இவை குறையே அல்ல. சின்ன அரமும் கத்தியும் இருந்தால் ஃபிகருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அச்சு நகர்ந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. ஃபிகரைத் தலைக்கு மேலிருந்து பாருங்கள். தொப்பியிலோ தோளிலோ படி போல ஒரு வெட்டு தெரிந்தால் முன்பாதியும் பின்பாதியும் விலகி வார்த்திருக்கிறது. அதை எத்தனை அராவினாலும் கோணல் போகாது. நான் ஒருமுறை 24 குதிரைவீரர்களை இதைக் கவனிக்காமல் வாங்கி, பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து பிரைமருக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.

வெள்ளைப் பொடி இரண்டு விதம். அச்சில் ஒட்டாமல் இருக்க டால்கம் தூவுவார்கள், அது இடுக்கில் தங்கியிருக்கலாம். கையுறை போட்டு ஈரப் பஞ்சால் துடையுங்கள். கீழே உலோகம் வழவழப்பாக இருந்தால் டால்கம். சொரசொரப்பாக, அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தால் ஈயம் அரித்திருக்கிறது. பழைய வார்ப்புகளில் ஈயம் அதிகம். மரத்திலிருந்து, முக்கியமாக ஓக் மரத்திலிருந்தும் புதுப் பிளைவுட்டிலிருந்தும் வரும் அமில ஆவி அதைத் தின்றுவிடும், ஈரப்பதம் இருந்தால் இன்னும் வேகமாக. என்னிடம் அப்பா வாங்கித் தந்த பிரெஞ்சு டிராகூன்கள் (குதிரைப்படை ஃபிகர்கள்) இருந்தன. ஆசையாகப் புதுப் பிளைவுட் அலமாரி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, இறுக்கி மூடிவைத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து திறந்தபோது ஒரு குதிரையின் முன்னங்கால் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. குழிந்தவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள், நல்லவற்றோடு வைக்க வேண்டாம். மீதியைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. தொப்பியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கிறதா? இறகு நடுவிலா, பக்கத்திலா?

கோவை மஸ்கட்:

அண்ணா, உடனே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். துப்பாக்கி 25க்குக் கொஞ்சம் கீழே. அச்சு நகர்ந்தது இரண்டே இரண்டு. பொடி இருந்த ஐந்தில் நான்கு துடைத்ததும் வழவழப்பு, ஒன்றில் மட்டும் முதுகுப்பைக்குக் கீழே குழி. தொப்பி முன்னால் உயரம், இறகு இடப்பக்கம். குறுக்கே ஒரு கயிறும் தொங்குகிறது.

நுனித்தூரிகை:

அப்படியானால் 33 நல்ல சிப்பாய்கள் கிடைத்திருக்கிறார்கள், ஆனால் சலமன்காவுக்கு அல்ல. நீங்கள் சொல்வது பெல்ஜிக் ஷாக்கோ என்ற பிந்தைய தொப்பி. ஆணை 1812இல் வந்தாலும் ஸ்பெயினில் போரிட்ட படைக்கு அப்போது அது போய்ச் சேரவில்லை. சலமன்காவில் நின்றவர்கள் அணிந்தது நேர் உருளையான பழைய தொப்பி, இறகு முன்பக்கம் நடுவில். இவர்கள் 1815 வாட்டர்லூ ஆட்கள். அங்கேகூட 28ஆம் ரெஜிமென்ட் பழைய தொப்பியோடுதான் நின்றது.

உலோகத்தில் தலையை வெட்டி மாற்றுவதை நான் சொல்லமாட்டேன், கழுத்தில் காலர் கெட்டுவிடும். இவர்களை வாட்டர்லூவுக்கு ஒதுக்குங்கள். சலமன்காவுக்குத் தலை தனியாக வரும் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். வாங்கும்போது பின்பக்கப் படத்தையும் பாருங்கள்: தோட்டாப் பெட்டி வலது இடுப்பில், பயனெட் உறையும் தண்ணீர்க் குடுவையும் துணிப்பையும் இடது இடுப்பில். நடையில் இருக்கும் ஃபிகர்களாக எடுங்கள். பயனெட்டை நீட்டிப் பாயும் ஃபிகர் தனியாகப் பார்க்க அழகு, ஆனால் இரண்டு வரிசையாக பேஸில் (அடித்தகட்டில்) ஒட்டும்போது பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரன் முதுகில் குத்துவான்.

மச்சானிடமும் சொல்லிவிடுங்கள். அவருடைய பிரெஞ்சு ஆட்களின் கோட்டு மார்பில் இடுப்பு வரை நேராக மூடி, வால் குட்டையாக இருந்தால் அதுவும் பிந்தைய உடைதான். சலமன்காவுக்கு மார்புமடிப்பு கீழே விலகி வெள்ளை வெயிஸ்ட்கோட் தெரிய வேண்டும், வால் நீளமாக இருக்க வேண்டும்.

கோவை மஸ்கட்:

கேட்டேன் அண்ணா. அவனுடையதும் குட்டை வால்தான். வாட்டர்லூவையே ஆடிவிடலாம் என்கிறான். இந்த ஞாயிறு அரத்தை எடுத்து உட்காருகிறோம்.